ஆய்வகத்திலிருந்து விண்வெளிக்கு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

முனைவர் பட்டத்தோடு விண்வெளிக்குப் போக நினைக்கும் விஞ்ஞானி முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போக வேண்டியது தானா, தன் பரிசோதனையா? இரண்டும் ஒரே ராக்கெட்டில் ஏறுவது அபூர்வம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கும் உயிரியலாளர் அங்கே தீச்சுடர் ஆய்வுக் கருவியின் வாயுக் குப்பியை மாற்றுவார். தன் ரத்தத்தைத் தானே எடுத்து உறைபெட்டியில் வைப்பார். கழிப்பறைப் பம்பு பழுதானால் அதையும் கழற்றுவார். தன் துறை சார்ந்த வேலை அட்டவணையில் வந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பரிசோதனைகளைக் கேட்டு, வடிவமைத்து, முடிவை எழுதும் முதன்மை ஆய்வாளர்கள் எல்லாரும் தரையில்தான் இருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஐந்து வழிகள் தெரியும். விண்வெளி முகமையின் முழுநேர வீரராவது, ஒரு பயணத்துக்கான ஆய்வு நிபுணராகப் போவது, தனியார் பயணத்தில் இருக்கை பெறுவது, சுற்றுப்பாதையைத் தொடாத சில நிமிடப் பயணம், தரையில் இருந்தபடியே பரிசோதனையை மட்டும் அனுப்புவது. கடைசி வழியைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். அறிவியல் கணக்கில் பார்த்தால் பெரும்பாலானோருக்கு அதுதான் சரியான வழி.

முழுநேர வீரர்

நாசா விஞ்ஞானிகளை முதன்முதலில் எடுத்தது 1965-இல். ஆறு பேர். விமானப் பயிற்சி இல்லாதவர்களை ஓராண்டு ஜெட் விமானம் ஓட்டக் கற்க அனுப்பினார்கள். ஆறு பேரில் இருவர் பறக்காமலே விலகினர். புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட் 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-இல் நிலவுக்குப் போனார். அதற்கும் அறிவியல் உலகின் நெருக்குதல் தேவைப்பட்டது. அவர் போக வேண்டிய அப்பல்லோ 18 ரத்தான பிறகு, சோதனை விமானி ஜோ எங்கிளை இறக்கிவிட்டு அவரை ஏற்றினார்கள். மற்ற மூவரும் 1973–74-இல் ஸ்கைலேப் நிலையத்துக்குப் போனார்கள். அவர்களில் முதலில் போன மருத்துவர் ஜோசப் கெர்வினின் பெயர் பெற்ற வேலை, தளபதி கான்ராடோடு வெளியே போய், சிக்கிக்கொண்ட சூரியத் தகட்டை விடுவித்தது. விஞ்ஞானியாகப் போனாலும் கையில் முதலில் வருவது வெட்டுக்கருவி என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1967-இல் எடுக்கப்பட்ட பதினொருவரின் கதை இன்னும் கடினம். ஆட்கள் அதிகம், பயணங்கள் இல்லை என்பதால் அவர்களே தங்களுக்கு ‘உபரி பதினொருவர்’ என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்டார்கள். நால்வர் விலகிவிட்டனர். மிச்சம் ஏழு பேர் பறந்தது 1982-க்கும் 1985-க்கும் இடையில், அதாவது 15 முதல் 18 ஆண்டு கழித்து. வானியலாளர் கார்ல் ஹெனைஸ் தன் ஒரே பயணத்தைச் செய்தபோது அவருக்கு வயது 58. அந்தோணி இங்கிலாந்து 1972-இல் விலகி, புவியியல் ஆராய்ச்சிக்குப் போய், 1979-இல் திரும்பி வந்து 1985-இல் பறந்தார். நம்மைக் கேட்டால் அந்தப் பதினொருவரில் மிகவும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டவர் அவர்தான்.

இன்றைய காத்திருப்பு அவ்வளவு மோசமில்லை. மூலக்கூறு உயிரியலாளர் கேட் ரூபின்ஸ் 2009-இல் தேர்வாகி 2016-இல் பறந்தார். கடல் உயிரியலாளர் ஜெசிகா மெயிருக்கு 2013-இலிருந்து 2019 வரை. புவியியலாளர் ஜெசிகா வாட்கின்ஸ் 2017-இல் தேர்வாகி 2022-இல். அவரோடு சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஸீனா கார்ட்மன் 2024-இல் போகவிருந்தார். ஸ்டார்லைனர் கலத்தில் போன இருவரைத் திரும்ப அழைத்துவர இருக்கை தேவைப்பட்டதால் அவரை இறக்கிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில்தான் ஏறினார். ஆக ஐந்து முதல் எட்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆண்டுகள் எப்படிப் போகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பிக்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகள் அடிப்படைப் பயிற்சி: நிலையத்தின் அமைப்புகள், இயந்திரக் கை, ரஷ்ய மொழி, டி-38 ஜெட், விண்நடை. விண்நடைப் பயிற்சி ஹூஸ்டனில் 12 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் நடக்கும். ஒரு முறை இறங்கினால் ஆறு மணி நேரம். அழுத்தம் ஏற்றிய உடுப்பின் கையுறை விரல்களை எதிர்த்துக்கொண்டே இருப்பதால் நகம் கழன்றுவிடுவது வழக்கமான காயம். மார்புப் பகுதியின் கடினக் கூடு கையை இயல்பாகச் சுழல விடாது. தலைகீழாக வேலை செய்யும்போது உடல் எடை தோளில் விழும். அதனால் தோள் அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் பயணம் வராது. கட்டுப்பாட்டு அறையில் விண்கலத்தோடு பேசுவது, புதுக் கருவிகளைச் சோதிப்பது என்று அலுவலக வேலை. பெயர் அறிவித்த பிறகு மேலும் ஒன்றரை, இரண்டு ஆண்டு பயணப் பயிற்சி. திரும்பியதும் மறுவாழ்வுப் பயிற்சி, அதன்பின் மாதக்கணக்கில் மருத்துவ அளவீடுகள்.

இதில் ஆய்வகம் எங்கே? ரூபின்ஸ் நாசாவுக்கு வருமுன் வைட்ஹெட் ஆராய்ச்சி நிறுவனத்தில் 14 பேர் கொண்ட குழுவோடு அம்மை வகை வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதை விட்டுவிட்டுத்தான் வந்தார். 2016-இல் விண்வெளியில் முதன்முதலாக டி.என்.ஏ. வரிசையைப் படித்தவர் அவரே. அவ்வளவு பொருத்தமான கைகள் கிடைத்தது அந்தப் பரிசோதனையின் அதிர்ஷ்டம். ஆனால் அதன் முதன்மை ஆய்வாளர் அவர் அல்ல. எட்டு, பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின் பழைய மானியங்களையும் மாணவர்களையும் திரும்பப் பெற முடியாது. திரும்பி வந்து அதே ஆராய்ச்சியைத் தொடரலாம் என்ற கணக்கில் இந்த வழியை எடுப்பவர்கள் ஏமாறுவார்கள்.

விஞ்ஞானி மேலே இருப்பதால் ஆதாயமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது எதிர்பாராத இடத்தில் வருகிறது. ஷ்மிட் நிலவில் ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் ஆரஞ்சு நிற மண்ணைப் பார்த்ததும், அது எந்தப் பரப்பில் எவ்வளவு ஆழம் போகிறது என்று குழி தோண்டிப் பார்த்தார். 350 கோடி ஆண்டுக்கும் பழமையான எரிமலைக் கண்ணாடி மணிகள் என்று பிறகு தெரிந்தது. ஸ்கைலேபில் சூரிய இயற்பியலாளர் எட்வர்ட் கிப்சன் 1974 ஜனவரியில் ஒரு சூரியப் பகுதியைக் கண்காணித்திருந்து, சுவாலை எழும் கணத்திலேயே படக்கருவியை ஓட்டினார். வேதிப் பொறியாளர் டான் பெட்டிட் ஓய்வு நேரத்தில், கையில் கிடைத்த பிளாஸ்டிக் தாளை மடித்து, நுண்புழை விசையால் திரவத்தை விளிம்புக்கு ஏற்றும் கோப்பை செய்தார். மூன்றிலும் பொதுவானது, எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமல் தெரிந்தது. நிலவுக்கு மீண்டும் ஆட்கள் போவதால் இந்தத் திறமைக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. 2025 செப்டம்பரில் நாசா எடுத்த பத்துப் பேரில் லாரன் எட்கர், செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தியோடு வேலை செய்த புவியியலாளர்.

வாய்ப்பின் அளவு: நாசாவின் 2017 தேர்வில் 18,300 பேருக்கு மேல் விண்ணப்பித்து 12 பேர், 2021-இல் 12,000-க்கு மேல், பத்துப் பேர், 2025-இல் 8,000-க்கு மேல், பத்துப் பேர். ஐரோப்பிய முகமையின் 2022 தேர்வில் 22,500-க்கு மேல். இரண்டாம் கட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 1,361. கடைசியில் 17, அதிலும் முழுநேர வேலை ஐவருக்கே. ஜப்பானில் 4,127 பேரில் இருவர். ஆனால் இந்த எண்களைப் பார்த்து மலைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். விண்ணப்பங்களில் பெரும்பகுதி காகிதத்திலேயே தள்ளுபடியாகும். முதுகலைப் பட்டம், பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு வேலை, குடியுரிமை என்ற அடிப்படையைக் கடந்தவர்களுக்கிடையேதான் உண்மையான போட்டி.

அந்தக் கட்டத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை அதிகம் பேசாது. வெளியுதவி எட்டாத இடத்தில், சிறிய குழுவில், உயிருக்கு ஆபத்தான கருவிகளோடு வேலை செய்த அனுபவம் பேசும். மெயிர் அண்டார்டிகாவில் பனிக்கடியில் முக்குளித்து எம்பரர் பெங்குவின்களை ஆராய்ந்தவர். நாசாவின் கடலடி ஆய்வகத்திலும் தங்கியவர். அப்படியும் 2009-இல் இறுதிச் சுற்று வரை வந்து தோற்றார். உயிர்வேதியியலாளர் பெக்கி விட்சன் நாசாவிலேயே ஆராய்ச்சி செய்துகொண்டு பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப விண்ணப்பித்து 1996-இல் தேர்வானார். பிற்பாடு நிலையத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்.

மருத்துவத் தேர்வில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களும் விழுகிறார்கள். பார்வை கண்ணாடி அணிந்தாவது முழு அளவுக்கு வர வேண்டும். லேசர் சிகிச்சை செய்திருந்தால் ஓராண்டு கடந்திருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டக் கூடாது. சிறுநீரகக் கல் வந்த வரலாறு பெரிய தடை. எடையின்மையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் போவதால் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும்; ஆறு மாதப் பயணத்தின் நடுவில் அது வந்தால் முழுக் குழுவும் திரும்ப வேண்டியிருக்கும். கதிர்வீச்சும் கணக்கில் உண்டு. நாசா விதித்த வாழ்நாள் வரம்பு 600 மில்லிசீவர்ட். நிலையத்தில் ஆறு மாதத்துக்கு, சூரியச் சுழற்சியைப் பொறுத்து, ஏறத்தாழ 50 முதல் 100 வரை சேரும்.

ஒரு பயணத்துக்கான ஆய்வு நிபுணர்

விண்வெளி ஓடக் காலத்தில் ‘பேலோடு ஸ்பெஷலிஸ்ட்’ என்ற ஏற்பாடு இருந்தது. கருவியை உருவாக்கியவரோ அத்துறை வல்லுநரோ, வீரர் பணியில் சேராமல், ஒரு பயணத்துக்கு மட்டும் பயிற்சி பெற்றுப் போகலாம். 1983 நவம்பரில் ஸ்பேஸ்லேப்-1 பயணத்தில் போன உல்ஃப் மெர்போல்டும் பைரன் லிக்டன்பர்கும் முதல் இருவர். விஞ்ஞானியாகவே இருந்துகொண்டு போவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு அதற்குப் பின் வரவில்லை.

அதன் பலவீனம், ஒற்றைப் பயணத்தில் எல்லாவற்றையும் வைப்பது. டெய்லர் வாங் 1985-இல் தானே வடிவமைத்த திரவத்துளி ஆய்வுக் கருவியோடு போனார். மேலே போனதும் கருவி இயங்கவில்லை. பழுதைத் தேடிச் சரிசெய்ய அனுமதி கேட்டுப் போராடி, கருவிக்குள் தலையை நுழைத்துக் கம்பிகளை மாற்றி, கடைசி நாட்களில் தரவு எடுத்தார். அவர் நேரில் இல்லாதிருந்தால் அந்த ஆய்வு அத்தோடு முடிந்திருக்கும். அதே சமயம், ஒரு கருவி கெட்டால் ஒரு மனிதர் எவ்வளவு உடைந்துபோவார் என்று பயண மேலாளர்கள் கவலைப்பட்டதும் அந்தப் பயணத்தில்தான். நிரந்தர வீரருக்கு அடுத்த வாய்ப்பு உண்டு. நிபுணருக்கு அது மட்டுமே.

பயணம் தள்ளிப்போனாலும் இவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். ஆஸ்ட்ரோ-1 தொலைநோக்கிப் பயணத்துக்கு 1984-இல் மூன்று வானியலாளர்கள் தேர்வானார்கள். 1986 மார்ச்சில் பறக்க வேண்டியது. ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் வெடித்தது. பறந்தது 1990 டிசம்பரில், அதுவும் இருவர் மட்டும். இன்சாட்-1சி செயற்கைக்கோளோடு போகத் தயாரான இஸ்ரோ விஞ்ஞானிகள் என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் நாயர் ஆகியோரின் வாய்ப்பும் சேலஞ்சரோடு போயிற்று.

ஓடங்கள் ஓய்வுபெற்றதும் அமெரிக்காவில் இந்த வழி அடைபட்டது. சீனாவில் திறந்திருக்கிறது. 2020-இல் எடுத்த 18 பேரில் நால்வர் ஆய்வு நிபுணர்கள். அவர்களில் பெய்ஹாங் பல்கலைக்கழகப் பேராசிரியர் குய் ஹைசாவ் 2023 மே மாதம் ஷென்சோ-16-இல் போய் ஐந்து மாதம் இருந்தார். ஆனால் பெயர் ஒன்றானாலும் ஏற்பாடு பழையது அல்ல: ஆண்டுக்கணக்கில் முழுநேரப் பயிற்சி. ககன்யானுக்கு முதலில் தேர்வான நால்வரும் விமானப்படை விமானிகள் என்பதால் இந்தியாவில் இந்த வழி இன்னும் தொடங்கவில்லை.

தனியார் இருக்கை

ஆக்சியம் நிறுவனத்தின் முதல் பயணம் 2022-இல் போனபோது ஓர் இருக்கை சுமார் 5.5 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. எந்த விஞ்ஞானியும் தன் கையிலிருந்து கொடுக்கும் தொகை அல்ல. அரசுகள் கொடுக்கின்றன. அதனால் இது, உண்மையில், முகமைத் தேர்வின் பின்வாசல். சுவாவோஷ் உஸ்னான்ஸ்கி செர்ன் ஆய்வகத்தில் பொறியாளர். ஐரோப்பிய முகமை 2022-இல் அவரைக் காத்திருப்புப் பட்டியலில்தான் வைத்தது. போலந்து பணம் கட்டியதும் 2025 ஜூனில் ஆக்சியம்-4-இல் பறந்துவிட்டார். தேர்விலிருந்து பயணம் வரை மூன்று ஆண்டுக்கும் குறைவு. முழுநேர வேலை பெற்ற ஐவரையும் முந்தினார்.

காலம் குறைவு, அறிவியலும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆக்சியம்-4 குழு சுமார் 60 ஆய்வுகளைத் தூக்கிப் போனது. ஆனால் நிலையத்தில் கிடைத்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. அதில் முதல் சில நாட்கள் குமட்டலிலும், பொருள்களை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலும் போகும். ஒரு நாளில் ஐந்து நாட்டு ஆய்வுகளைத் தொட வேண்டிய அட்டவணையில், எதிர்பாராத முடிவு வந்தால் நின்று பார்க்க நேரம் இல்லை. எலும்பு, கண், நோய் எதிர்ப்பு போல மெதுவாக மாறுபவற்றுக்கு இந்தப் பயணம் போதாது. படிகம் வளர்ப்பது, திசுக்களின் தொடக்க மாற்றங்கள், கருவிச் சோதனை ஆகியவற்றுக்குப் போதும்.

ஏவுதல் தள்ளிப்போவதையும் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். ஆக்சியம்-4 மே இறுதியிலிருந்து ஜூன் 25 வரை பல முறை தள்ளிப்போயிற்று. உயிருள்ள மாதிரி வைத்திருப்பவர் ஒவ்வொரு தள்ளலுக்கும் புதுத் தொகுதி வளர்த்துத் தயாராக இருக்க வேண்டும். ஒரே தொகுதியை நம்பிப் போனவர்கள் மேலே அனுப்புவது பலவீனமான செல்களை.

சில நிமிடங்கள்

சுற்றுப்பாதையைத் தொடாத பயணத்தில் எடையின்மை சுமார் மூன்று நிமிடம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபெர்ல் 2024 ஆகஸ்ட் 29 அன்று நியூ ஷெப்பர்ட் கலத்தில் போனார். பயணத்தின் வெவ்வேறு கட்டங்களில் செடிகள் வைத்த குழாய்களின் உந்தியை அழுத்தி, செடியை அந்த நொடியிலேயே நிலைநிறுத்தும் திரவத்தைச் செலுத்துவதுதான் வேலை. அதே நேரத்தில் தரையில் அவருடைய சக ஆய்வாளர் அதே குழாய்களை இயக்கி ஒப்பீடு எடுத்தார். கேள்வி கூர்மை: எடை போகும் முதல் நிமிடங்களில் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன? அதற்கு மூன்று நிமிடம் சரியான அளவு. கேள்வி இப்படிப் பொருந்தினால் மட்டுமே இந்த வழி. தன் கருவியைத் தானே இயக்கித் தன் பெயரில் வெளியிடும் உரிமை முழுமையாகக் கிடைப்பதும் இங்கேதான். ஆனால் கலங்கள் நிலையானவை அல்ல. கோள் அறிவியலாளர் ஆலன் ஸ்டெர்ன் 2023 நவம்பரில் போன யூனிட்டி கலம் 2024 ஜூனோடு ஓய்வு பெற்றுவிட்டது.

தரையில் இருப்பது

ஆள் ஏறாமல் ஆய்வை மட்டும் அனுப்புவதற்குப் படிகள் உண்டு. ஜெர்மனியின் பிரெமன் விழுகோபுரத்தில் கருவியை மேலிருந்து விழவிட்டால் 4.74 நொடி எடையின்மை, கீழிருந்து மேலே எறியும் கவண் முறையில் 9.3 நொடி. பிரான்சின் போர்டோவிலிருந்து பறக்கும் ஏர்பஸ் ஏ310 விமானத்தில் ஒரு பறப்பில் ஏறி இறங்கும் 31 வளைவுகள், ஒவ்வொன்றிலும் 22 நொடி. ஆய்வாளரும் கூடவே மிதக்கலாம். சுற்றுப்பாதைக்குப் போகாத டெக்சஸ் ஆய்வு ராக்கெட்டில் ஆறு நிமிடம். அதற்கு மேல் வேண்டுமானால் விண்வெளி நிலையம். கீழ்ப்படியில் கருவியைச் சோதிக்காமல் நேரே நிலையத்துக்கு அனுப்புபவர்கள் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். எடையின்மையில் குமிழி மேலே எழாது. மெல்லிய குழாயில் ஒரே ஒரு குமிழி நின்றால் ஓட்டம் அடைபடும். சூடான காற்றும் எழாது. தரையில் தானே குளிர்ந்த மின்சுற்று அங்கே விசிறி இல்லாமல் வெந்துவிடும். பாதுகாப்பு ஆய்வில் மின்கலமும், திரவத்துக்குப் போதிய அடுக்கு அடைப்பு இல்லாததும் திட்டங்களை மாதக்கணக்கில் நிறுத்தும். செயல்முறைக் குறிப்பை உங்கள் துறை தெரியாத ஒருவர், மிதந்துகொண்டே, ஒரு கையால் செய்யக்கூடியதாக எழுத வேண்டும். நிலையத்தில் நாசா தரப்பில் மூவர் இருந்த காலத்தில் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஆய்வுக்கு வாரம் 35 மணி என்பதே திட்ட அளவு. இன்று கூடியிருந்தாலும் உங்கள் பங்கு நிமிடக்கணக்குதான்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் 2014 அக்டோபரிலும் 2015 ஜூனிலும் நடந்ததுபோல் சரக்குக் கலமே சிதறலாம். ஆனால் மாற்றுக் கருவி வைத்திருந்த முதன்மை ஆய்வாளர் மறுபடி அனுப்ப முடிந்தது. முப்பதாண்டுப் பணிக்காலத்தில் இவர் பல முறை விண்வெளியைத் தொடுவார்; குழு கலையாது; மாணவர்கள் பட்டம் பெறுவார்கள்.

எந்த வயதில் எதை எடுப்பது

முனைவர் பட்டம் முடிந்த மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் இருப்பவருக்கு முழுநேர வழி மலிவு. விட்டுவிடச் சொந்த ஆய்வகம் இன்னும் இல்லை. கள அனுபவம் சேர்ந்திருக்கும். சொந்தக் குழு அமைத்து நான்கைந்து ஆண்டு ஆனவர், முதல் பெரிய மானியம் ஓடிக்கொண்டிருக்கும்போது விண்ணப்பிப்பதுதான் மிக விலை கூடிய நேரம்: தேர்வானால் மாணவர்கள் நடுவழியில் நிற்பார்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு வாய்ப்பு முடிந்துவிடவில்லை. ஜப்பானின் சுவா மகோதோ காலநிலை வல்லுநராக உலக வங்கியில் இருந்து 46 வயதில் தேர்வானார். ஐரோப்பிய முகமையின் உச்ச வயது 50.

குடியுரிமையை முதலிலேயே பார்த்துவிடுங்கள். நாசாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. இரட்டைக் குடியுரிமை தடையில்லை. கல்பனா சாவ்லா 1988-இல் முனைவர் பட்டம், 1991-இல் குடியுரிமை, 1994-இல் தேர்வு, 1997-இல் பயணம் என்ற வரிசையில் போனவர். குடியுரிமை கைக்கு வராத ஆண்டுகளில் வளைவுப் பறப்புக்கும் சரக்குக் கலத்துக்கும் ஆய்வுத் திட்டம் எழுதுவதற்குத் தடை குறைவு.

நாசா சுமார் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆள் எடுக்கிறது: 2009, 2013, 2017, 2021, 2025. ஐரோப்பாவில் 2009-க்குப் பிறகு 2022. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே முக்குளிப்புச் சான்றிதழ், தனியார் விமானி உரிமம், குளிர்காலம் முழுக்கத் தங்கும் துருவ முகாம் ஆகியவற்றில் ஒன்றையாவது முடிக்கலாம். மூன்றில் துருவ முகாமே கனமானது. அதற்கான விண்ணப்பமும் மருத்துவப் பரிசோதனையும் பயணத்துக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். அதனால் அறிவிப்பு வந்த பிறகு யோசிப்பவருக்கு அந்தச் சுற்றில் அது பயன்படாது.